திறந்து பார்க்க முடியாத கடிகாரம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்தச் சொற்பொழிவுக்கு என்னை அழைக்க வந்திருந்தபோது, எந்தப் பெரியவரின் நினைவாக இந்த அறக்கட்டளை நிறுவப்பட்டதோ அவரைப் பற்றி அவருடைய மகள் ஒரு செய்தி சொன்னார்கள். வாழ்நாள் முழுவதும் கடிகாரம் பழுது பார்த்தவர் அவர். யார் எந்தக் கடிகாரத்தைக் கொண்டுவந்து நீட்டினாலும் உடனே பின்மூடியைத் திறக்க மாட்டாராம். காதோடு சேர்த்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் கேட்பாராம். பிறகு நிமிர்த்தி ஒரு தடவை, கவிழ்த்து ஒரு தடவை கேட்பாராம். அதன்பிறகுதான் திருப்புளியைக் கையில் எடுப்பாராம். அவர்கள் விடைபெற்றுப் போன அன்று மாலையே என் பொருளை முடிவு செய்துவிட்டேன். திறக்கவே முடியாத ஒரு கடிகாரத்தை, ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, காதில் வைத்துக் கேட்பதைப் போலக் கேட்டுக்கொண்டிருக்கும் மனிதர்களைப் பற்றி இன்று பேசப் போகிறேன்.

அந்தக் கடிகாரம் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி. 1990 ஏப்ரல் 24ஆம் நாள் டிஸ்கவரி விண்ணோடத்தில் ஏறிப்போய், மறுநாள் விண்வெளியில் இறக்கிவிடப்பட்டது. பதின்மூன்று மீட்டர் நீளம், ஏறத்தாழ 11 டன் எடை. ஒரு பெரிய பேருந்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். அதன் முதன்மை ஆடியின் விட்டம் 2.4 மீட்டர். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பொழுதில் பூமியை ஒருமுறை சுற்றி வந்துவிடுகிறது. விண்வெளி வீரர்கள் ஐந்து முறை போய் அதைப் பழுது பார்த்தார்கள். கடைசிப் பயணம் 2009 மே மாதம். அதற்குப் பிறகு மனிதக் கை அதன்மேல் படவில்லை. வீரர்களை அங்கே கொண்டுபோன விண்ணோடங்களும் 2011இல் ஓய்வுபெற்றுவிட்டன. இன்று அதன் உடம்புக்கு என்ன என்று தெரிந்துகொள்ள, அது தானாக அனுப்பும் எண்களைத் தவிர நம்மிடம் வேறு எதுவும் இல்லை.

ஹபிள் எடுத்த படங்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தூணாக எழுந்து நிற்கும் தூசு மேகங்கள், ஊசிமுனையளவு இடத்தில் ஆயிரக்கணக்கான விண்மீன்திரள்கள். படத்தைப் பார்த்ததும் நமக்கு ஆடி நினைவுக்கு வருகிறது, கேமரா நினைவுக்கு வருகிறது. அந்தப் படம் எடுக்கப்பட்ட நேரம் முழுவதும் தொலைநோக்கி ஆடாமல் நின்றதே, அது நினைவுக்கு வருவதில்லை. எனக்கோ வேறு எதையும்விட அதுதான் பெரிய வியப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

மாணவனாக இருந்தபோது எங்கள் கல்லூரி மொட்டைமாடியில் ஒரு சிறிய தொலைநோக்கி இருந்தது. அதில் கேமராவைப் பொருத்தி நீண்ட நேரத் திறப்பில் ஒரு விண்மீன் கொத்தைப் படமெடுக்கச் சொல்வார் எங்கள் ஆசிரியர். தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டார் கிடையாது. பூமி மணிக்கு 15 பாகை வீதம் சுழல்கிறது. ஆகவே விண்மீன் காட்சிக்குள் நில்லாமல் மேற்கே வழுக்கிக்கொண்டே போகும். துணைத் தொலைநோக்கியின் கண்வில்லையில் மெல்லிய குறுக்குக்கம்பி இருக்கும். அந்தக் கம்பிகள் வெட்டும் இடத்தில் ஒரு விண்மீனைப் பிடித்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் உள்ள திருகை இடது கையால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இருபது நிமிடம். கண்ணைச் சிமிட்டினால் விண்மீன் நகர்ந்திருக்கும். மூச்சை இழுத்துவிட்டால் துடிக்கும். கீழே மாடிப்படியில் யாராவது ஏறினால் குதிக்கும். படச்சுருளைக் கழுவிப் பார்த்தால், புள்ளியாக விழ வேண்டியது கம்பளிப்பூச்சியாக விழுந்திருக்கும்.

அன்று ஒன்று புரிந்தது. அசையாமல் நிற்பது என்று ஒன்று கிடையாது. விலகியதைக் கண்டுபிடிப்பதும் திருத்துவதும் ஓயாமல் நடந்துகொண்டே இருப்பதைத்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அசையாமை என்று சொல்கிறோம்.

இதையே ஹபிளின் அளவில் வைத்துப் பார்ப்போம். ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் ஒரு கலை. ஒரு கலையை அறுபதாகப் பகுத்தால் ஒரு விகலை. முழுநிலவு வானத்தில் ஏறத்தாழ 1,800 விகலை அகலம். ஹபிள் தன் இலக்கிலிருந்து 0.007 விகலைக்கு மேல் விலகாமல் நிற்க வேண்டும். நிலவின் குறுக்களவை இரண்டரை லட்சம் துண்டுகளாக வெட்டினால், ஒரு துண்டின் அகலம் அது. ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் பிடித்திருக்கும் ஒரு தலைமுடியின் தடிமன் என்றும் சொல்லலாம். நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டே, ஒவ்வொரு சுற்றிலும் சுடும் வெயிலுக்குள்ளும் உறையும் நிழலுக்குள்ளும் மாறி மாறி நுழைந்துகொண்டே, அந்த 11 டன் இப்படி நிற்கிறது.

பிடித்து நிறுத்த அங்கே தரை இல்லை. தள்ளிவிட ராக்கெட் உந்திகளும் ஹபிளில் இல்லை. உந்திகளின் புகை ஆடியில் படிந்துவிடும் என்பதால் வைக்கவில்லை. அப்படியானால் எப்படித் திரும்புகிறது? உள்ளே நான்கு கனத்த சக்கரங்கள் இருக்கின்றன. எதிர்வினைச் சக்கரங்கள் என்று பெயர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 45 கிலோ. சக்கரம் ஒரு பக்கம் வேகமெடுத்தால் தொலைநோக்கி மறுபக்கம் மெல்லத் திரும்பும். நியூட்டனின் மூன்றாம் விதிதான். தொண்ணூறு பாகை திரும்பக் கால் மணி நேரம் ஆகும். அதாவது சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் நகரும் வேகம். சக்கரங்களில் சேர்ந்துபோகும் சுழற்சியை வெளியேற்ற நீண்ட மின்காந்தத் தண்டுகள் உண்டு. அவை பூமியின் காந்தப்புலத்தைப் பற்றிக்கொண்டு அந்தச் சுமையை இறக்கிவைக்கின்றன.

சக்கரம் கை. கைக்குக் கட்டளையிட, எவ்வளவு திரும்பினோம் என்று முதலில் தெரிய வேண்டும். அதைச் சொல்வது ஜைரோ. இந்த ஜைரோவின் உள்ளே உங்களைக் கொஞ்சம் அழைத்துப் போக விரும்புகிறேன்.

நிமிடத்துக்கு 19,200 முறை சுழலும் ஒரு சிறு சக்கரம். மோட்டார் எண்ணெயைப் போன்ற கெட்டியான திரவத்தில் மிதக்கும் ஓர் உருளைக்குள் அது அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. தொலைநோக்கி துளி திரும்பினாலும் உருளை அந்தத் திரவத்துக்குள் துளி அசையும். அந்த அசைவை மின்சுற்று அளக்கும். உள்ளே சுழலும் மோட்டாருக்கு மின்சாரம் போக வேண்டும், ஆனால் மின்கம்பி உருளையின் அசைவைத் தடுத்துவிடக் கூடாது. ஆகவே தலைமுடியளவு மெல்லிய கம்பிகள் அந்தத் திரவத்துக்குள்ளே தொங்குகின்றன. ஹபிளின் விதி அந்தக் கம்பிகளில்தான் தொங்குகிறது என்று சொன்னால் அது மிகையே அல்ல. ஜைரோவைச் செய்யும்போது அந்தக் கெட்டித் திரவத்தை உள்ளே தள்ளுவதற்கு அழுத்தப்பட்ட காற்றைப் பயன்படுத்தினார்கள். காற்றில் இருந்த ஆக்சிஜன் திரவத்தில் கலந்துவிட்டது. அது ஆண்டுக்கணக்கில் கம்பியை அரித்தது. கம்பி அறுந்தது, ஜைரோ நின்றது. பிறகு வந்த ஜைரோக்களில் காற்றுக்குப் பதில் நைட்ரஜனைப் பயன்படுத்தினார்கள். கம்பிக்கும் மேம்பட்ட பாதுகாப்பு வந்தது. தொழிற்கூடத்தில் ஒரு கணம் உள்ளே போன காற்று, வானத்தில் பல ஆண்டுகள் கழித்துக் கணக்குத் தீர்க்கிறது. மாணவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1999 நவம்பர் 13ஆம் நாள் நான்காவது ஜைரோவும் நின்றுபோனது. ஹபிளில் இருந்த ஆறு ஜைரோக்களில் இரண்டுதான் மிச்சம். மூன்று இருந்தால்தான் அன்றைய முறைப்படி ஆய்வு நடக்கும். ஹபிள் தானாகவே பாதுகாப்பு நிலைக்குப் போய், சூரியத் தகடுகளைச் சூரியனை நோக்கி வைத்துக்கொண்டு, எதையும் பார்க்காமல் காத்திருந்தது. டிசம்பரில் வீரர்கள் போய் ஆறு ஜைரோக்களையும் மாற்றினார்கள். அந்தப் பயணத்தை முன்கூட்டியே திட்டமிட்டுத் தயாராக வைத்திருந்ததற்குக் காரணம், ஜைரோக்கள் ஒவ்வொன்றாக விழுந்து வருவதைக் கீழே இருந்தவர்கள் கவனித்து வந்ததுதான்.

ஜைரோ ஒரு சாட்சி. வேகமாகப் பதில் சொல்லும் சாட்சி. ஆனால் அதன் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக வழுவும். வழுவாத சாட்சி விண்மீன். ஹபிளில் மூன்று நுண்வழிகாட்டி உணரிகள் உண்டு. வழக்கமாக அவற்றில் இரண்டு, இலக்கைச் சுற்றியுள்ள வானத்தில் ஆளுக்கு ஒரு வழிகாட்டி விண்மீனைப் பிடித்துக்கொள்ளும். விண்மீன் இருக்க வேண்டிய இடத்தைச் சுற்றிச் சுருள்வட்டமாகத் தேடும். வெளிச்சம் பொருந்துகிறதா என்று பார்க்கும். பிறகு மெல்ல நெருங்கிப் பூட்டிக்கொள்ளும். அருகருகே நிற்கும் இரட்டை விண்மீனாக இருந்துவிட்டால் பூட்டு விழாமல் போகவும் வாய்ப்பு உண்டு. இதற்காகவே, ஹபிள் ஏறுவதற்கு முன்பே, தரையிலிருந்து எடுத்த ஒளிப்படத் தட்டுகளையெல்லாம் எண்களாக மாற்றி, ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் வான்பொருள்களின் பட்டியல் ஒன்றை உருவாக்கினார்கள். இந்த மனித உழைப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஜைரோ சொல்வதையும் விண்மீன் சொல்வதையும் கணினி நொடிக்கு நாற்பது முறை சேர்த்துப் பார்த்துச் சக்கரங்களுக்குக் கட்டளை தருகிறது. எங்கள் மொட்டைமாடியில் ஒரு மாணவனின் இடது கை செய்த வேலை அதுதான்.

ஹபிள் எடுக்கும் ஒவ்வொரு படத்துடனும் இன்னொரு கோப்பு வருகிறது. வானியலாளர்கள் அதை ஜிட்டர் கோப்பு என்கிறார்கள். மூன்று நொடிக்கு ஒரு வரி. அந்த மூன்று நொடியில் தொலைநோக்கி சராசரியாக எங்கே பார்த்தது, எந்தப் பக்கம் எவ்வளவு ஆடியது, பூமியின் விளிம்பு எவ்வளவு அருகில் இருந்தது, காந்தப்புலம் எவ்வளவு என்று எண்களாக நிரம்பியிருக்கும். புள்ளிகளாக வரைந்து பார்த்தால் நடுவில் ஒரு சிறு உருண்டை தெரியும். உருண்டை சிறியதாக இருந்தால் படம் கூர்மை. ஒரு பக்கம் வால் முளைத்திருந்தால் ஏதோ நடந்திருக்கிறது. எந்த நிமிடத்தில் நடந்தது, அப்போது தொலைநோக்கி எதைக் கடந்துகொண்டிருந்தது என்று வரிவரியாகத் தேடிப் போகலாம். இப்படிப்பட்ட கோப்புகளை நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அழகான படத்தைவிட அந்த உருண்டை என்னை அதிகம் தொட்டிருக்கிறது.

முதல் ஆண்டுகளில் அந்த உருண்டைக்குப் பெரிய வால் இருந்தது. ஹபிளின் ஆடி தவறாகத் தேய்க்கப்பட்டிருந்த கதை உலகறிந்தது. அதைப் பற்றி நான் நீட்டவில்லை. அதே நாள்களில் இன்னொரு நோயும் இருந்தது. வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழையும்போதும் நிழலிலிருந்து வெளியே வரும்போதும் தொலைநோக்கி நடுங்கியது. தேடிப் போனால், பாய்போல விரியும் சூரியத் தகடுகளைத் தாங்கியிருந்த மெல்லிய உலோகக் குழாய்கள், ஒரு பக்கம் சூடாகி மறுபக்கம் குளிர்ந்து வளைந்து, சட்டென்று விடுபட்டு உதறிக்கொண்டிருந்தன. கண்ணின் கோளாறு அல்ல, தோளின் உதறல். கீழே இருந்தவர்கள் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றி எழுதி அனுப்பி அந்த நடுக்கத்தில் கொஞ்சத்தை அடக்கினார்கள். 1993 டிசம்பரில் போன வீரர்கள் வெப்பத்தைத் தாங்கும்படி திருத்திய புதிய தகடுகளை மாட்டினார்கள். 2002இல் அவற்றுக்குப் பதில், அளவில் சிறிய, மடங்காத, ஆனால் கூடுதல் மின்சாரம் தரும் தகடுகள் வந்தன. நடுக்கத்தின் நேரத்தை வைத்தே நடுக்கத்தின் காரணத்தைப் பிடித்தார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பாடம். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை, அதே இரண்டு இடங்களில் வருகிறது என்றால், சூரியனைத்தான் விசாரிக்க வேண்டும்.

இன்னொரு நிகழ்வு. 2018 அக்டோபர் 5ஆம் நாள் ஒரு ஜைரோ நின்றது. ஏழு ஆண்டுகளுக்கு மேல் அணைத்து வைத்திருந்த இன்னொரு ஜைரோவை எழுப்பினார்கள். எழுந்தது, ஆனால் பொய் சொன்னது. தொலைநோக்கி திரும்பினால் அதுவும் மாற்றத்தைக் காட்டியது; ஆனால் சொன்ன வேகம் உண்மையைவிடப் பல மடங்கு. மிதக்கும் உருளை மையத்திலிருந்து ஒதுங்கியிருக்கலாம், உள்ளே ஏதோ தடுக்கியிருக்கலாம் என்று கருதினார்கள். திறந்து பார்க்க வழியில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? முதலில் ஒரே ஒரு நொடி அணைத்து, சுழல் ஓய்வதற்குள் மறுபடி முடுக்கினார்கள். குணமாகவில்லை. பிறகு தொலைநோக்கியையே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறித் திருப்பினார்கள். திருப்பும்போதே ஜைரோவை அதன் கரடுமுரடான அளவு நிலைக்கும் நுண்ணிய அளவு நிலைக்கும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். அடைப்பு விலகியது, எண் இறங்கியது, அந்த மாத இறுதிக்குள் ஹபிள் மீண்டும் பார்க்கத் தொடங்கியது. நின்ற கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்து நிமிர்த்தியும் கவிழ்த்தும் மெல்லத் தட்டுவதைக் கண்ணால் கண்டவர்களுக்கு இது விளங்கும். இங்கே கைக்கும் கடிகாரத்துக்கும் இடையில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

உடல்நலக் கண்காணிப்பு என்றால் என்ன என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் வழக்கமாக மின்கலத்தைத்தான் காட்டுவேன். மேரிலாந்தில் உள்ள நாசாவின் கோடார்டு விண்வெளி மையத்துக்கு ஹபிளிலிருந்து வரும் அளவீடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மஞ்சள் எல்லையும் ஒரு சிவப்பு எல்லையும் வைத்திருப்பார்கள். எல்லையைத் தாண்டினால் மணி அடிக்கும். மணி அடித்த பிறகு ஓடுவது கண்காணிப்பு ஆகாது. எல்லைக்குள் இருக்கும்போதே எண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பதுதான் கண்காணிப்பு. 1990இல் போன ஆறு நிக்கல் ஹைட்ரஜன் மின்கலங்களும் நாளுக்குப் பதினைந்து முறை வெயிலில் நிரம்பி நிழலில் வடிந்தன. ஆண்டுதோறும் கொள்ளளவு சிறிது சிறிதாகக் குறைந்ததை அளந்துகொண்டே, எவ்வளவு நிரப்பலாம், எவ்வளவு சூடு பொறுக்கும் என்று சாப்பாட்டை அளந்து போடுவதுபோல் மின்னேற்றத்தை அளந்து, 2009 வரை அவற்றைக் காப்பாற்றினார்கள். பத்தொன்பது ஆண்டுகள். மூப்பை நிறுத்த முடியாது. மூப்புக்கேற்ற பத்தியம் கொடுக்கலாம்.

இனி நான் சொல்லப் போவது மனத்துக்குச் சங்கடமான ஒரு கதை. சொல்லாமல் போனால் இந்தச் சொற்பொழிவு பாதிதான்.

2016 பிப்ரவரி 17ஆம் நாள் ஜப்பானின் தானெகாஷிமா தளத்திலிருந்து ஓர் எக்ஸ்கதிர் விண்வெளித் தொலைநோக்கி புறப்பட்டது. ஹிட்டோமி என்று பெயர் வைத்தார்கள். நம் மொழியில் கண்பாவை என்று சொல்லலாம். பெர்சியஸ் விண்மீன்திரள் கூட்டத்தின் வெப்பவாயுவை அதுவரை யாரும் அளந்திராத நுட்பத்தோடு அளந்தது. மார்ச் 26ஆம் நாள் அது தன் அடுத்த இலக்கை நோக்கித் திரும்பியது.

திரும்பி முடித்தபோது, விண்மீன்களைப் பார்த்துத் திசை சொல்லும் கருவி ஒரு சிறு பொழுது விழித்து, உடனே தடுமாறி, மறுபடி தொடக்க நிலைக்குப் போய்விட்டது. அந்தச் சிறு பொழுதுக்குள் கணினி ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: ஜைரோவின் வழுவல் மணிக்கு 21.7 பாகை. சாதாரணமாக விண்மீன் கருவி தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தால் அந்தத் தவறான மதிப்பு சில நிமிடங்களில் கரைந்து சரியான இடத்துக்கு வந்திருக்கும். கருவி மௌனமானதால் தவறு அப்படியே உறைந்தது. ஹிட்டோமி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. ஆனால் தான் மணிக்கு 21.7 பாகை வேகத்தில் சுழல்வதாக நம்பியது. பூமி சுழலும் வேகத்தைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அது. இல்லாத சுழற்சியை நிறுத்தச் சக்கரங்களை முடுக்கியது. அந்த முடுக்கலால் உண்மையாகவே சுழலத் தொடங்கியது.

நெஞ்சைப் பிசையும் இடம் இதற்கு அடுத்தது. விண்மீன் கருவி பிற்பாடு தெளிந்து எழுந்து உண்மையைச் சொன்னது. ஆனால் அது சொன்னதற்கும் கணினி நம்பியதற்கும் ஒரு பாகைக்கு மேல் வேறுபாடு. அவ்வளவு வேறுபட்டால் விண்மீன் கருவியைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று விதி எழுதி வைத்திருந்தார்கள். உண்மை பேசிய சாட்சியைக் கணினி வெளியே அனுப்பிவிட்டது. சூரியன் எங்கே இருக்கிறது என்று நேரடியாகப் பார்த்துச் சரிபார்க்கும் ஏற்பாடும் அந்த முடிவில் சேர்க்கப்படவில்லை. சக்கரங்கள் தாங்கும் எல்லையை நெருங்கின. திசை தவறாகத் தெரிந்ததால் காந்தத் தண்டுகளாலும் சுமையை இறக்க முடியவில்லை. கடைசி அடைக்கலமாக உந்திகளால் நிறுத்தும் நிலைக்கு மாறியது. அந்த உந்திகளுக்கான எண்களைப் பிப்ரவரி 28ஆம் நாள் ஏற்றியிருந்தார்கள். ஏற்றிய எண்கள் தவறானவை, சரிபார்க்கப்படாதவை. நிறுத்த வேண்டிய உந்திகள் சுழற்சியை இன்னும் விரட்டின. சூரியத் தகடுகள் வேரோடு பிய்ந்தன. ஏப்ரல் 28ஆம் நாள் ஜப்பானின் விண்வெளி நிறுவனமான ஜாக்ஸா மீட்பு முயற்சியைக் கைவிட்டது.

நடந்ததை ஒளிக்காமல், மணி நிமிடத்தோடு, எந்த விதி ஏன் எழுதப்பட்டது, எந்த எண் ஏன் சோதிக்கப்படவில்லை என்று ஜாக்ஸா அறிக்கையாக வெளியிட்டது. அந்த அறிக்கை ஒவ்வொரு பொறியியல் கல்லூரியிலும் பாடமாக வைக்கத் தக்கது என்பது என் உறுதியான கருத்து. ஹிட்டோமியின் பணியைத் தொடர எக்ஸ்ரிசம் என்ற தொலைநோக்கி 2023 செப்டம்பரில் புறப்பட்டது.

தொலைநோக்கியின் நலத்தைக் காப்பது எண்களைச் சேகரிக்கும் வேலை என்று நினைத்திருந்த எனக்கு, அது சாட்சிகளை நிறுத்துப் பார்க்கும் வேலை என்று கற்பித்தது ஹிட்டோமி. 2018இல் ஹபிளின் ஜைரோ பொய் சொன்னது. மற்ற சாட்சிகள் இருந்தன, கீழே மனிதர்கள் இருந்தார்கள், அதனால் பொய் பொய்யென்று தெரிந்தது. ஹிட்டோமியில் ஒரு பொய்க்கு முழு அதிகாரமும் கிடைத்துவிட்டது.

கெப்ளரின் கதையையும் சொல்லியாக வேண்டும். 2009 மார்ச்சில் போன கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி, ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட விண்மீன்களை இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தது. கோள் ஒன்று விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது வெளிச்சம் சற்றே மங்கும். பூமி அளவுள்ள கோள் சூரியன் போன்ற விண்மீனைக் கடந்தால் மங்குவது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. விண்மீனின் பிம்பம் கேமராச் சில்லில் கொஞ்சம் இடம் மாறினாலே அதைவிடப் பெரிய மாற்றம் தெரியும். ஆகவே கெப்ளருக்கு அசையாமைதான் உயிர். 2012 ஜூலையில் அதன் நான்கு சக்கரங்களில் ஒன்று நின்றது. 2013 தொடக்கத்தில் இன்னொன்றின் உராய்வு ஏறுவதைக் கண்டு, பத்து நாள் எல்லாச் சக்கரங்களுக்கும் ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். மே மாதம் அதுவும் நின்றது. இரண்டே சக்கரங்களால் மூன்று அச்சுகளைப் பிடிக்க முடியாது.

மூன்றாவது கையாக அவர்கள் கண்டுபிடித்தது சூரிய ஒளியை. ஒளிக்கு அழுத்தம் உண்டு. மிகச் சிறிது, ஆனால் ஓயாதது. அதுவரை அது தொல்லை கொடுத்த விசை. கெப்ளரின் இரு பக்கத் தகடுகளிலும் ஒளி சமமாக விழும்படி நிறுத்திவிட்டால், விரல் நுனியில் கோலை நிறுத்துவதுபோல் கொஞ்ச நேரம் நிற்கும். மெல்லச் சாயும், ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை உந்தியால் ஒரு சிறு தட்டு. இந்த ஏற்பாட்டில் வானத்தின் ஒரு பகுதியை ஏறத்தாழ எண்பது நாள்தான் பார்க்க முடியும். பிறகு அடுத்த பகுதிக்கு நகர வேண்டும். 2014இல் இருந்து 2018 அக்டோபரில் எரிபொருள் தீரும் வரை இப்படியே ஓடி, மேலும் பல நூறு கோள்களைத் தந்துவிட்டுப் போனது.

நம் நாட்டு வானியல் செயற்கைக்கோளான அஸ்ட்ரோசாட்டிலும் இந்தச் சிக்கலுக்கு ஒரு தனி விடை இருக்கிறது. 2015 செப்டம்பர் 28ஆம் நாள் பிஎஸ்எல்வி ராக்கெட்டில் போனது. அதன் புறஊதாப் படக்கருவி வரும் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக, நேரத்தோடு பதிவு செய்கிறது. செயற்கைக்கோள் மெதுவாக ஆடிக்கொண்டே இருக்கும். அதை முற்றிலும் நிறுத்த முயலவில்லை. கூடவே உள்ள கண்ணுறு ஒளி வழி, ஆட்டத்தைத் தொடர்ந்து படமெடுத்துக்கொண்டே இருக்கும். தரைக்கு வந்த பிறகு, எந்த நொடியில் எவ்வளவு ஆடியதோ அந்த அளவுக்கு ஒவ்வொரு துகளையும் திரும்ப இடம் மாற்றி வைத்து, ஏறத்தாழ 1.5 விகலைக் கூர்மையுள்ள படத்தை உருவாக்குகிறார்கள். ஆட்டத்தை நேர்மையாக எழுதி வைத்தால் பிறகு கழித்துக்கொள்ளலாம். இந்தக் கருவிக்குப் பொறுப்பேற்று நடத்திய பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம்தான் நம் ஜவ்வாது மலைக் காவலூரில் இருப்பதும்.

மறுபடி ஹபிளுக்கு வருகிறேன். 2021 ஜூன் 13ஆம் நாள் அதன் அறிவியல் கருவிகளை இயக்கும் கணினி நின்றது. எண்பதுகளின் கணினி அது. ஒரு மாதம் போராடி மாற்றுச் சுற்றுகளுக்கு மாற்றினார்கள். அந்த வேலைக்கு, ஓய்வுபெற்றுப் போயிருந்த பழைய பொறியாளர்களும் திரும்ப வந்து கைகொடுத்தார்கள்; பல பத்தாண்டு பழைய ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். கருவியின் நினைவு கருவியில் மட்டும் இல்லை. கருவியைச் செய்த தலைமுறையின் ஞாபகத்திலும் இருக்கிறது. அந்த ஞாபகத்தை எழுதி வைக்காவிட்டால் தொலைநோக்கிக்கு முன்பே அது போய்விடும்.

2018இல் தட்டி எழுப்பிய அதே ஜைரோ 2024இல் மீண்டும் தவறான எண்களைச் சொல்லத் தொடங்கியது. மே 24ஆம் நாள் ஹபிள் பாதுகாப்பு நிலைக்குப் போனது. மிஞ்சியவை இரண்டு. ஒன்றை அணைத்து இருப்பில் வைத்துவிட்டு, ஒரே ஒரு ஜைரோவோடு ஓட்டுவது என்று முடிவெடுத்தார்கள். ஜூன் 14ஆம் நாள் ஆய்வு மீண்டும் தொடங்கியது. ஒரு வாரத்தில் பார்க்கக்கூடியது ஏறத்தாழ 12 விழுக்காடு குறைகிறது. செவ்வாயின் பாதையைவிட நெருங்கி வரும் நகரும் பொருள்களைத் துரத்த முடியாது. 2009இல் போன ஆறில் இன்று வேலை செய்வது ஒன்று, காத்திருப்பது ஒன்று.

ஒரே சாட்சியை வைத்துக்கொண்டு எப்படி நிற்கிறது? காந்தமானி பூமியின் காந்தப்புலத்தைக் கேட்டுத் தோராயமாக ஒரு திசை சொல்லும். சூரிய உணரிகள் சூரியன் எந்தப் பக்கம் என்று சொல்லும். அவற்றைக் கொண்டு ஏறத்தாழ திரும்பிய பிறகு, விண்மீன் நோக்கிகள் வானத்தின் ஒரு பகுதியைப் பார்த்து இன்னும் நெருக்கமாகச் சொல்லும். கடைசியில் நுண்வழிகாட்டி உணரி சுருள்வட்டம் போட்டுத் தேடி, தன் விண்மீனைக் கண்டு, பூட்டிக்கொள்ளும். பூமி குறுக்கே வந்து அந்த விண்மீனை மறைக்கும். பூட்டு விடும். இந்தப் பக்கம் நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் அது ஏறத்தாழ ஒரு சுற்று முடித்து, பூமியின் விளிம்பைத் தாண்டி வந்து, அதே விண்மீனை மறுபடி தேடத் தொடங்கியிருக்கும்.